குளிர்காலத்தில் கோழிகளின் சுபாவமும் முட்டையும்

ஐப்பசி பிறந்தது முதல் தை முடியும் வரையில் நமது திருப்பூர் ஜில்லாவின் கிராமங்களைச் சுற்றி வருங்கால், புறக்கடையில் கோழி வளர்க்கும் குடும்பங்களில் ஒரே முறையீட்டைக் கேட்கலாம். "புரட்டாசி வரையில் ஒழுங்காய் முட்டையிட்ட கோழி நின்றுவிட்டது; தீனி தின்பது மட்டும் குறையவில்லை" என்பதே அது. இதன் முடிவு பெரும்பாலும் வாரச் சந்தையில்தான். தீபாவளிக்கும் பொங்கலை அடுத்த கரிநாளுக்கும் கோழி கேட்டு வருவோர் பலராதலால், நின்றுவிட்ட கோழியின் காலைக் கட்டி விற்றுவிடுகிறார்கள். அப்படி விற்கப்படும் கோழிகளில், அவ்வீட்டின் மிகச் சிறந்த முட்டைக் கோழியும் பல சமயங்களில் போய்விடுகிறது. வீட்டுப் பெண்மணிகளுக்கு உப்பு புளிச் செலவுக்கும், பிள்ளைகளின் புத்தகத்துக்கும் கைகொடுப்பது முட்டைக் காசு. அதற்கு மூலமான பெட்டையை அறியாமல் இழப்பது சிறிய நஷ்டமன்று. ஆகையால், குளிர்காலத்தில் கோழி ஏன் முட்டையை நிறுத்துகிறது, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விற்கலாம் என்பவற்றை இங்கே விளக்கப் புகுகிறேன்.

பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் பெரிய கொட்டகைகளில் வளரும் கறிக்கோழிகளைப் பற்றியதன்று இக்கட்டுரை. தோட்டத்துச் சாளையிலும் ஊருக்குள்ளும் ஐந்தும் பத்துமாய்த் திரியும் கோழிகளைப் பற்றியதே.

குளிர்தான் காரணமா?

மார்கழிக் குளிரால் கோழி முட்டையிடுவதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியன்று. கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 டிகிரி சென்டிகிரேடு, மனிதனுடையதைவிட அதிகம். அதன் மேல் இறகுப் போர்வையும் இருக்கிறது. வளர்ந்த கோழிக்குச் சுகமான சீதோஷ்ணம் சுமார் 18 முதல் 24 டிகிரி வரையில் ஆகும். நமது சமவெளியில் மார்கழி விடியற்காலைக் குளிர் ஏறக்குறைய இந்த எல்லையை ஒட்டியே இருக்கும். கோழிக்கு உண்மையில் பகையானது சித்திரை வெயில். அப்போது அது வாயைப் பிளந்து இளைத்து, தீனியைக் குறைத்து, ஓடு மெலிந்த முட்டையிடுகிறது.

குளிர்காலத்தில் கெடுதி செய்வன ஈரமும் நேராக வீசும் வாடைக் காற்றும் ஆகும். மழையில் நனைந்து ஈரத் தரையில் இரவைக் கழிக்கும் கோழி, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே தின்ற தீனியைச் செலவிட்டுவிடும். ஆனால் உலர்ந்த இடத்தில் அடையும் கோழியும் இப்பருவத்தில் நின்றுவிடுகிறதே எனின், அதற்குக் காரணங்கள் வேறு.

பகற்பொழுதின் அளவு

முதற் காரணம் வெளிச்சம். கண்ணால் காண்பதன்றியும், மண்டையோட்டின் வழியாய் மூளைக்குள் புகும் ஒளியினாலும் கோழி பகலின் நீளத்தை உணருகிறது. பகல் நீண்டால் மூளையின் அடியிலுள்ள சுரப்பி முட்டைப்பையைத் தூண்டும். பகல் குறுகினால் அத்தூண்டுதல் தணியும். லண்டன் போன்ற வடதேசத்து நகரங்களில் டிசம்பர் மாதத்துப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைந்துவிடுவதால், அங்கே விளக்கு வைக்காத கோழிகள் அநேகமாய் முட்டையை நிறுத்திவிடுகின்றன. நம் நாட்டில் வித்தியாசம் அவ்வளவு பெரிதன்று. ஆனி மாதத்தில் நமது பகல் சுமார் 12 மணி 50 நிமிஷம்; மார்கழியில் சுமார் 11 மணி 25 நிமிஷம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே குறைகிறது. இக்குறைவு முட்டையை அடியோடு நிறுத்தப் போதாதாயினும், வயது முதிர்ந்த கோழிகளுக்கு இறகு உதிர்க்கும் காலம் வந்ததென்று அறிவிக்கப் போதும். மார்கழி முதல் வாரத்துக்குப் பின் பகல் மீண்டும் வளரத் தொடங்குகிறது. ஓய்வெடுத்த கோழிகள் தை, மாசியில் திரும்ப முட்டையிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராமப்பிரியா, நந்தனம் கோழி முதலிய அபிவிருத்தி செய்யப்பட்ட இனங்களை வைத்திருப்போர், கூட்டில் ஒரு சிறு மின்விளக்கைப் பொருத்தி, விடியற்காலை 4 மணி முதல் வெளுக்கும் வரையில் எரியவிடலாம். இதனால் மொத்த வெளிச்சம் 14 மணி நேரமாகும். மாலையில் எரித்துத் திடீரென அணைத்தால், கோழிகள் பரணில் ஏறுமுன் இருளில் தடுமாறும். ஆகவே காலையே உசிதம். ஒருநாள் எரித்து மறுநாள் மறப்பது பயன் தராது. நான்கு மாதம் நிரம்பாத விடைக் கோழிகளுக்கு இவ்வெளிச்சத்தைக் காட்டலாகாது. உடல் முதிருமுன் முட்டையிடத் தொடங்கினால், முட்டைக்குழாய் வெளித்தள்ளும் அபாயம் உண்டு. அடைகாக்கும் குணம் மிகுந்த நாட்டுக் கோழிகளுக்கு விளக்குச் செலவு வீணே. தறிக்கூடத்தின் பக்கத்தில் கூடு வைத்திருப்போர், இரவு முழுவதும் எரியும் விளக்கின் ஒளி கூட்டில் படாதவாறு மறைத்தல் வேண்டும். கோழிக்கும் இருளும் உறக்கமும் அவசியம்.

இறகு உதிர்தல்: எதை விற்பது, எதை வைப்பது?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட கோழி ஆண்டுக்கொரு முறை பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன அணிகிறது. தலை, கழுத்து, மார்பு, உடல், சிறகு, வால் என்ற வரிசையில் இது நடைபெறும். இறகு பெரும்பாலும் புரதச் சத்தால் ஆனது. முட்டைக்கும் அச்சத்தே வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாமையால், கோழி முட்டையை நிறுத்தி இறகை வளர்க்கிறது. இது நோயன்று, ஓய்வு.

சென்ற மார்கழியில் பல்லடம் தாலூகாவில் ஒரு தோட்டத்துச் சாளைக்குச் சென்றிருந்தேன். வீட்டு அம்மணி இரண்டு கோழிகளைக் காட்டினார். ஒன்று கழுத்தும் முதுகும் மொட்டையாய், பார்க்கவே அருவருப்பாய் இருந்தது. மற்றொன்று பளபளவென்ற புது இறகுடன் கொழுத்திருந்தது. இரண்டும் முட்டையிடவில்லை. மொட்டைக் கோழியை விற்றுவிட்டு அழகானதை வைத்துக்கொள்வதாய் அவர் தீர்மானித்திருந்தார். எது எப்போது நின்றது என்று விசாரித்தேன். அழகிய கோழி ஆடியிலேயே நின்றுவிட்டது. மொட்டைக் கோழியோ கார்த்திகை தீபம் வரையில் இட்டுக்கொண்டிருந்தது. அதாவது, முன்னது நான்கு மாதங்களுக்கு மேல் வேலையின்றி உண்டு, இறகை ஒவ்வொன்றாய் மெல்ல மாற்றியிருக்கிறது. பின்னது தன் சத்தையெல்லாம் முட்டையாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் எல்லா இறகுகளையும் ஒருங்கே உதிர்த்திருக்கிறது. என் சொற்படி அழகிய கோழி சந்தைக்குப் போயிற்று. மாசியில் நான் மறுபடி சென்றபோது, மொட்டையாயிருந்த கோழி புது இறகுடன் முட்டையிட்டுக் கொண்டிருந்தது.

முன்னதாக நின்று மெதுவாக இறகு மாற்றுவது மட்டமான கோழி. பிந்தி நின்று விரைவாக மாற்றுவது உத்தமமான கோழி. இவ்விதியை ஒவ்வொரு குடும்பத்தாரும் மனத்தில் இருத்த வேண்டும்.

சிறகை விரித்துப் பார்த்தால் இதனைத் தெளியலாம். சிறகின் வெளிப்புறத்தில் பத்துப் பெரிய இறகுகள் உண்டு. ஒவ்வொன்றும் முழுதும் வளர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். மட்டமான கோழி இவற்றை ஒவ்வொன்றாய் உதிர்க்கும். நல்ல கோழி மூன்று நான்கை ஒருமிக்க உதிர்த்து, ஒரே காலத்தில் வளர்த்துக்கொள்ளும்.

மற்றொரு பரீட்சையும் உண்டு. கோழியின் ஆசனத்துக்குக் கீழே இருபுறமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் கைக்குத் தட்டுப்படும். அவற்றின் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையுமாயின், அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே நுழையுமாயின் நின்றுவிட்ட கோழி. கொண்டை சிவந்து மிருதுவாய் இருப்பதும், ஆசனம் ஈரமாய் விரிந்திருப்பதும் முட்டையிடுவதன் அடையாளங்கள். புரட்டாசியில் ஒருமுறை எல்லாக் கோழிகளையும் இவ்வாறு சோதித்து, முன்னரே நின்றுவிட்டவற்றின் காலில் ஒரு வளையம் இட்டுவைத்தால், மார்கழியில் தடுமாற்றம் இராது.

அடைகாக்கும் சுபாவம்

கோழி நிற்பதற்கு இரண்டாவது பெருங்காரணம் அடைக்கு உட்காருதல். நாட்டுக் கோழி பத்து முதல் பதினைந்து முட்டை இட்டதும், மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஊறல் மிகுந்து, கூட்டை விட்டு எழ மறுக்கும், இறகைச் சிலிர்த்துச் சீறும், கையைக் கொத்தும். இருபத்தொரு நாள் அடைகாத்து, பின்னர்க் குஞ்சுகளை மேய்த்துப் பிரியும் வரையில் முட்டை இராது. நாட்டுக் கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைகளே இடுவதற்கு இக்குணமே தலையாய காரணம். இக்குணத்தைப் பெரும்பாலும் நீக்கி வளர்க்கப்பட்ட வெள்ளை லெகார்ன் முந்நூறு வரையிலும் இடுகிறது.

ஆயினும் இக்குணத்தைக் குற்றமென்று தள்ளிவிடலாகாது. கார்த்திகை முதல் தை வரையில் அது செல்வமாகும். முட்டைக்குள் உள்ள கரு, வெப்பம் ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேற்பட்டால் மெல்ல வளரத் தொடங்கும். கோடையில் பானையில் சேர்த்துவைத்த முட்டைகளில் கரு அரைகுறையாய் வளர்ந்து மடிந்துபோவதால் கூமுட்டைகள் மிகுகின்றன. குளிர்காலத்து முட்டையோ நன்கு நிலைத்து நிற்கும். ஆகவே, ஒரு வாரத்துக்கு உட்பட்ட பத்துப் பன்னிரண்டு நல்ல முட்டைகளை, சாந்தமான ஒரு தாய்க் கோழியின் கீழ் இப்பருவத்தில் வைப்பது சிலாக்கியம். ஏழாம் நாள் இரவில் விளக்கொளிக்கு எதிரே பிடித்து, கருவற்றவற்றை நீக்கிவிடலாம். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய் இருப்பின் அவளது சிறகே போதும். இல்லையெனில் விளக்கு வைத்தல் அவசியம்.

குஞ்சு வேண்டாத கோழியின் அடையைத் தெளிவிக்க, தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் வழக்கமாய் இருக்கிறது. இவை கொடுமையானவை, அன்றியும் மார்கழியில் நனைந்த கோழி சளி பிடித்து மெலியும். அதற்குப் பதிலாக, அடியில் காற்றுப் புகும்படி இடைவெளியுள்ள மூங்கில் கூடையில் அதனை இட்டு, தரையிலிருந்து உயர்த்தி, தீனியும் தண்ணீரும் வைத்து, வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் விட்டுவைத்தால் அடை தெளிந்துவிடும். அடைக்கு உட்கார்ந்த முதல் நாளிலேயே இதைச் செய்தல் வேண்டும். பிந்தினால் அதிக நாள் பிடிக்கும்.

அச்சமும் சண்டையும்

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோழி அஞ்சும் பிராணி. அஞ்சிய கோழி முட்டையை வயிற்றிலேயே தாமதிக்கச் செய்யும். அவ்வாறு தாமதித்த முட்டையின் ஓட்டில் வெண்பொடி படிந்தோ, பட்டை விழுந்தோ காணப்படும். சில வேளை ஓடின்றித் தோல்முட்டையாகவும் வரும். தீபாவளியை அடுத்த நாட்களில் இத்தகைய முட்டைகளைக் கண்டால், வெடிச் சத்தத்தை நினைத்துக்கொள்ளலாம். இடைவிடாமல் ஒரே கதியில் ஓடும் தறியின் ஓசைக்குக் கோழி பழகிவிடும். திடீரென்று எழும் சத்தமும், துரத்தும் நாயும், கூட்டருகில் நுழையும் கீரியும் வெருகும்தான் அதைக் கலக்குவன. ஆகவே தீபாவளிக்கு முந்தின மாலையே கோழிகளைக் கூட்டில் அடைத்து, சாக்குப்படுதா தொங்கவிடுதல் நலம்.

கோழிகளுக்குள் மேல் கீழ் என்ற வரிசை உண்டு. நார்வே தேசத்து அறிஞர் ஷெல்டெருப் எபே என்பவர் 1922-ல் இதனை விவரித்து வெளியிட்டார். முதற் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைக் கோழி எல்லாவற்றாலும் கொத்துப்படும். வரிசை நிலைபெற்ற கூட்டத்தில் சண்டை குறைவு. புதுக் கோழியைக் கொணர்ந்து பகலில் நடுவே விட்டால், அவ்வரிசை குலைந்து, பல நாள் சச்சரவு நிகழும். எல்லாக் கோழிகளின் முட்டையும் குறையும். எனவே பண்டிகைக் காலத்தில் வாங்கிவந்த கோழியை முதலில் இரண்டு வாரம் தனியே வைத்து நோயில்லையென்று தெளிந்து, பின்பு இரவில் பரணில் மற்றவற்றோடு ஏற்றிவிடுதல் வேண்டும். தீனித் தொட்டியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இரண்டு இடங்களில் வைத்தால் கடைக் கோழியும் பசியாறும்.

இனத்துக்கேற்பச் சுபாவமும் வேறுபடும். நமது பெருவிடைக் கோழிகள் சண்டைக் கோழி மரபைச் சேர்ந்தவை. வளர்ப்பவரிடம் அடக்கமாய் இருப்பினும், தம் இனத்தோடு பொருதும். முட்டையும் ஆண்டுக்கு முப்பது நாற்பதுதான். குஞ்சுகளைக் காப்பதில் மிக வல்லவை. இரண்டு பெருவிடைப் பெட்டைகளை ஒரு சிறு கூட்டில் அடைப்பது தகாது. சிறுவிடைக் கோழி சுறுசுறுப்பாய் மேய்ந்து, பருந்தைக் கண்டு ஒளியும் சாமர்த்தியமுடையது. புறக்கடைக்கு மிகப் பொருந்தும். லெகார்ன் முட்டையில் முதன்மையானது. ஆனால் சிறிய அரவத்துக்கும் மிரண்டு பறப்பதால், திறந்த வாசலுக்கு ஏற்றதன்று. ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககத்தார் உண்டாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் புறக்கடைக்கென்றே அமைந்தவை.

வேலியில் மறைந்த முட்டை

கோழி நின்றுவிட்டது என்று முடிவு செய்யுமுன், முட்டை மறைந்துகிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். கூடு ஈரமாகவோ, உண்ணி, பேன் மிகுந்தோ இருப்பின், கோழி கிளுவை வேலியின் அடியிலும் வைக்கோற் போரிலும் இடம் தேடிக்கொள்ளும். இரண்டு நாள் காலை பத்து மணி வரையில் கோழிகளை அடைத்துவைத்தால் உண்மை வெளிப்படும். நாலைந்து கோழிக்கு ஒன்றாக, சற்று இருளான மூலையில் மண்சட்டியோ கூடையோ வைத்து, உலர்ந்த வைக்கோல் பரப்பி, ஒரு முட்டையை எப்போதும் அதிலேயே விட்டுவைத்தல் வேண்டும்.

நமது ஊர்களில் எளிதாய்க் கிடைக்கிறதென்று பனியன் கழிவுத் துணியையும் நூலையும் கூட்டில் இடுவோர் உளர். இது ஆபத்து. நூல் கோழியின் விரலைச் சுற்றி இறுக்கி, விரல் அழுகி விழச் செய்யும். விழுங்கினால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும்.

தீனியும் நோய்த் தடுப்பும்

மேய்ச்சலுக்குச் செல்லும் கோழிக்கு மாலையில் ஒரு கைப்பிடி கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் கொடுத்தல் போதும். இறகு வளரும் காலத்தில் மட்டும் புரதச் சத்தைக் கூட்ட வேண்டும். கரையான், கருவாட்டுத் தூள், அசோலா, முருங்கைக்கீரை ஆகியவை நன்று. கடலைப் பிண்ணாக்கும் நன்றே. ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்ததைத் தொடலாகாது. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய விஷமே காரணமென்று கண்டறியப்பட்டது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக, நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி எடுத்துக்கொள்ளும். முட்டையினுள் முக்காற் பங்கு தண்ணீராதலால், சுத்தமான தண்ணீர் ஒருபோதும் வற்றலாகாது.

இவ்வளவும் செய்து, நோய்க்கு இடங்கொடுத்தால் எல்லாம் வீணாகும். கோழிக் கழிச்சல் என்னும் ராணிக்கெத்து நோய் ஒரு வாரத்தில் ஊரையே வெறுமையாக்க வல்லது. 1920-களின் இறுதியில் இமயத்தை அடுத்த ராணிக்கெத்தில் கண்டறியப்பட்டமையால் இப்பெயர் வந்தது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பதே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாளில் லசோட்டாச் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுதல் வேண்டும். மழைக்குப் பின் பெருகும் கொசுக்களால் அம்மை பரவுகிறது. அதற்கும் சிறகுத் தோலில் போடும் தடுப்பூசி உண்டு. இவற்றுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். தடுப்பூசி முகாமுக்கு உரிய நாளை முந்தின மாலையே தண்டோராவாலோ ஒலிபெருக்கியாலோ தெரிவியுங்கள். விடிந்து கூடு திறந்துவிட்டால் ஒரு கோழியையும் பிடிக்க முடியாது. ஆகவே முகாம் சூரியோதயத்திலேயே தொடங்க ஏற்பாடு செய்தல் வேண்டும். பத்து வீடுகள் போட்டுக்கொண்டு இரண்டு வீடுகள் விட்டுவிட்டால், நோய் அவ்விரண்டின் வழியாய் ஊருக்குள் புகும்.

குடித்தனக்காரர்களுக்குச் சொல்வது இதுவே. மார்கழியில் முட்டை நின்றதும் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். எப்போது நின்றது, எவ்வளவு விரைவில் இறகை மாற்றுகிறது, அடையா, அச்சமா, மறைவிடத்தில் இடுகிறதா என்று முதலில் பாருங்கள். கோழியின் காலைக் கட்டுமுன், தினந்தோறும் அதற்குத் தீனி போடும் வீட்டுப் பெண்மணியை ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கோழி எதுவரையில் இட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.